ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நடைவழியும் தடுப்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2004-ல் பிரிட்டனில் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற வரைபடம் இது. நம் ஊர்களில் கார் போகும் சாலைகள் அதில் நன்றாகவே பதிவாகியிருக்கின்றன. நடந்து போகிறவருக்குத் தேவையான விவரம்தான் குறைவு: எந்தக் கேட் வழியாக ஆள் நுழையலாம், எங்கே சாலையைக் கடக்கலாம், எங்கே நடைபாதை உயர்ந்து நிற்கிறது என்பதெல்லாம். கணக்குத் தொடங்கி, ஓரிரு சாலைகளாவது வரைந்து பழகியவர்களுக்காக இந்தப் பக்கம்.

வரைந்த புள்ளியோ கோடோ என்ன, எப்படிப்பட்டது என்று சொல்லும் "பெயர்=மதிப்பு" குறிப்புகளே டேக்குகள். அவற்றை இங்கே உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். எடிட்டரில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். இரண்டு சொல் சேரும் இடத்தில் அடிக்கோடு வரும்.

தடுப்பை வரைந்துவிட்டேன். அது போதாதா?

போதாது. இங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. அந்த இடத்தில் என்ன நிற்கிறது என்பது ஒன்று; அதைத் தாண்டி யார் போகலாம் என்பது இன்னொன்று. "பாரியர்" டேக் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். இரண்டாவதற்கு "ஃபுட்", "பைசிகிள்", "மோட்டார்_வெஹிக்கிள்", "அக்சஸ்" ஆகியவை வேண்டும்.

நீங்கள் எழுதாமல் விட்டதை வழிகாட்டும் மென்பொருள் தானாக ஊகித்துக்கொள்ளும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஊகிக்கும். ஓஎஸ்ஆர்எம் மென்பொருளின் கார் அமைப்பு, அக்சஸ் எழுதாத கேட்டைத் திறந்த கேட்டாக எடுத்துக்கொள்ளும்; பொல்லார்டை (வண்டியைத் தடுக்க நட்ட குட்டைத் தூணை) அடைப்பாக எடுத்துக்கொள்ளும். பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் காலனிக் கேட்டை "பாரியர்=கேட்" என்று மட்டும் போட்டால் வண்டிகள் அங்கே போய் முட்டி நிற்கும். நடப்பவருக்கு நேர்வது இதன் தலைகீழ். காரைத் தடுக்க நினைத்து ஒருவர் "அக்சஸ்=நோ" போடுகிறார், "ஃபுட்=யெஸ்" சேர்க்க மறந்துவிடுகிறார். அரை நிமிடத்தில் நடந்து கடக்கும் சந்துக்கு, ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போகச் சொல்கிறது செயலி.

ஆகவே எந்தத் தடுப்பானாலும், நடப்பவர் போகலாமா கூடாதா என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். பொல்லார்டில் ஆள் நுழையலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் எழுதுங்கள்.

அக்சஸ் டேக்குகளுக்கு வரிசை உண்டா?

உண்டு. "அக்சஸ்" எல்லாரையும் குறிக்கும். அதற்குள் "வெஹிக்கிள்" எல்லா வண்டிகளையும், அதற்குள் "மோட்டார்_வெஹிக்கிள்" எஞ்சின் வண்டிகளையும், அதற்குள் "மோட்டார்கார்", "மோட்டார்சைக்கிள்" போன்றவை தனித்தனி வகைகளையும் குறிக்கும். நடப்பவருக்கான "ஃபுட்" நேராக அக்சஸுக்குக் கீழே வரும். பொதுவானதும் குறிப்பானதும் முரண்பட்டால் குறிப்பானதே செல்லும்.

நம் ஊரில் அடிக்கடி பார்ப்பது: சந்து முனையில் இரண்டு கருங்கல் தூண்கள். பைக் போகும், கார் போகாது. இதற்கு "மோட்டார்_வெஹிக்கிள்=நோ", "மோட்டார்சைக்கிள்=யெஸ்", "பைசிகிள்=யெஸ்", "ஃபுட்=யெஸ்". முதலாவதோடு நிறுத்திவிட்டால் பைக்கில் போகிறவருக்கும் வழி அடைபடும். இங்கே "அக்சஸ்" தேவையே இல்லை. காரை மட்டும் தடுக்கும் இடத்தில் எல்லாரையும் தடுத்துவிட்டு ஒவ்வொருவராகத் திறந்துவிடுவது பிழைக்கு வழி.

மதிப்புகளில் அதிகம் குழப்புபவை மூன்று. "யெஸ்" என்றால் பொது உரிமை; யாரும் தடுக்க முடியாது. "பெர்மிசிவ்" என்றால் உரிமையாளர் இப்போதைக்கு விடுகிறார், நாளை மூடலாம். கல்லூரி வளாகத்தின் குறுக்கே ஊர்க்காரர்கள் நடப்பது இந்த வகை. "பிரைவேட்" என்றால் அனுமதி பெற்றவருக்கு மட்டும். பூட்டு தொங்குவதால் மட்டும் ஒரு கேட் பிரைவேட் ஆகிவிடாது; பூட்டைச் சொல்ல "லாக்டு=யெஸ்" தனியாக இருக்கிறது.

இந்தச் சாலையில் நடப்பது ஆபத்து. "ஃபுட்=நோ" போடலாமா?

கூடாது. நடப்பதைத் தடைசெய்யும் பலகை இருந்தாலோ, சட்டப்படி தடை இருந்தாலோ மட்டுமே "ஃபுட்=நோ". மேம்பாலத்தின் வாயில் அப்படிப் பலகை நிற்கிறது என்றால் போடலாம்.

இந்த டேக்கை நாங்கள் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வேறெந்தப் பிழையையும்விட இதுதான் நடப்பவர்களுக்கு அதிகக் கெடுதல் செய்கிறது. சாலையோரம் வீடு இருப்பவர் வேறு வழியே இல்லாமல் அதில்தான் நடக்கிறார். வரைபடமோ அவர் வீட்டுக்கு நடந்துபோக வழியே இல்லை என்கிறது. ஆபத்து என்று உங்களுக்குத் தோன்றவைத்த விவரங்களையே எழுதுங்கள்: நடைபாதை இல்லையென்றால் "சைட்வாக்=நோ", விளக்கு இல்லையென்றால் "லிட்=நோ", தடங்களின் எண்ணிக்கை, வேக வரம்பு. இவற்றைப் படித்து அந்தச் சாலையைத் தவிர்ப்பதா என்று மென்பொருள் முடிவுசெய்யட்டும்.

பொல்லார்டை எங்கே வைப்பது?

வழியைக் குறிக்கும் கோட்டின் மேலேயே, அதன் ஒரு புள்ளியாக. கோட்டுக்குப் பக்கத்தில் தனிப்புள்ளியாக வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், வழிகாட்டும் மென்பொருளுக்குத் தெரியாது. ஐடி எடிட்டரில் 1 விசையை அழுத்தி, கோட்டின் மேல் சொடுக்கினால் புள்ளி கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். நகர்த்திப் பாருங்கள், கோடும் சேர்ந்து வளைந்தால் ஒட்டியிருக்கிறது. பார்த்த பிறகு பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஆறு தூண்கள் வரிசையாக நின்றாலும் கோட்டின் மேல் ஒரு புள்ளி போதும்.

சந்திப்புப் புள்ளியின் மேல் வைக்கவே கூடாது. மூன்று தெரு கூடும் புள்ளியில் பொல்லார்டு வைத்தால் மூன்று தெருவும் அடைபடும். சந்துக்குள் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, தூண் உண்மையில் நிற்கும் இடத்தில் வையுங்கள்.

டேப் கையில் இருந்தால் தூண்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியை அளந்து "மேக்ஸ்வித்:ஃபிசிக்கல்=0.9" என்பதுபோல மீட்டரில் எழுதுங்கள். பைக்கைத் தடுக்க நெருக்கி நட்ட தூண்கள் பெரும்பாலும் சக்கர நாற்காலியைத்தான் தடுக்கின்றன. 90 செ.மீ. இருந்தால் நாற்காலி தாராளமாக நுழையும், 70 செ.மீ. என்றால் பலவகை நாற்காலிகள் நுழையா. கழற்றக்கூடிய தூணா, நிலையானதா என்பதை "பொல்லார்ட்=ரிமூவபிள்" அல்லது "ஃபிக்ஸ்டு" என்று சொல்லலாம். ஆம்புலன்ஸ் போக வேண்டிய தெருவில் இது முக்கியம்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டை எப்படிப் போடுவது?

பெரிய கேட், அதற்குப் பக்கத்திலேயோ அதன் கதவிலேயோ ஆள் நுழையும் திட்டிவாசல். இரண்டும் தனித்தனிப் பக்கத்தில் இருந்தால் இரண்டு கோடுகள் வரையுங்கள். வண்டிச் சாலையில் "பாரியர்=கேட்", "அக்சஸ்=பிரைவேட்". திட்டிவாசலுக்கு, கேட்டுக்கு வெளியே சாலையிலிருந்து பிரிந்து உள்ளே மறுபடி சேரும் சின்ன "ஹைவே=ஃபுட்வே" கோடு; அதன் மேல் இன்னொரு கேட், அதற்குரிய ஃபுட் மதிப்போடு. வாட்ச்மேன் குடியிருப்பவரையும் விருந்தினரையும் மட்டும் விடுகிறார் என்றால் அதுவும் பிரைவேட்தான். காலனி வழியாக ஊர்க்காரர்கள் பஸ் ஸ்டாப்புக்குக் குறுக்கே போகிறார்கள், யாரும் கேட்பதில்லை என்றால் பெர்மிசிவ். திட்டிவாசல் பெரிய கதவுக்குள்ளேயே இருந்தால் தனிக் கோடு வேண்டாம். ஒரே கேட் புள்ளியில் வண்டிக்கும் ஆளுக்கும் வேறுவேறு மதிப்பு கொடுங்கள்.

உள்சாலைகளுக்கும் பிரைவேட் எழுத வேண்டும். கேட்டில் மட்டும் எழுதி உள்ளே விட்டுவிட்டால், பின்பக்கம் ஒரு கேட் வரையப்படாமல் இருக்கும் நாளில் உள்சாலை பொதுச்சாலை ஆகிவிடும்.

இரவு பத்து மணிக்கு மூடும் கேட் என்றால் "ஃபுட்:கண்டிஷனல்=நோ @ (22:00-05:00)". நேரத்தைப் பலகையிலோ வாட்ச்மேனிடமோ கேட்டு எழுதுங்கள்.

மதிலும் வேலியும் வரைந்தால் வழி தானாக அடைபடுமா?

பொதுவாக அடைபடாது. மென்பொருள் வழிக்கோடுகளில்தான் நடக்கிறது. குறுக்கே போகும் மதில்கோட்டை அது பார்ப்பதில்லை. மதிலும் நடைவழியும் வெட்டிக்கொண்டால் அந்த இடத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறப்பு இருந்தால் பொதுப்புள்ளி வைத்து "பாரியர்=என்ட்ரன்ஸ்" அல்லது கேட். திறப்பு இல்லையென்றால் நடைவழிக்கோடு தவறு. அதை மதிலுக்கு முன்பே முடியுங்கள். ஜோசம் எடிட்டரின் சரிபார்ப்பு இந்த வெட்டுகளை எச்சரிக்கையாகக் காட்டும்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. பூங்காவின் வேலியைச் சாலைக்கோட்டின் புள்ளிகளோடு ஒட்டி வரைந்துவிடுவார்கள். பிறகு சாலையை நகர்த்தினால் வேலியும் நகரும். ஐடியில் அந்தப் புள்ளியைத் தேர்ந்து டி விசை, ஜோசமில் ஜி விசை. பிரித்துவிட்டு வேலியை அதன் உண்மையான இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

சாலை நடுவில் கம்பித் தடுப்போடு சென்டர் மீடியன். எதிர்ப்பக்கம் கடக்கச் சொல்கிறது செயலி.

சாலை ஒற்றைக் கோடாக வரையப்பட்டிருக்கும். ஒற்றைக் கோட்டுக்கு இடப்பக்கம், வலப்பக்கம் என்ற பிரிவு மென்பொருளுக்குத் தெரியாது. எதிரே இருக்கும் கடை ஐந்து மீட்டரில் இருப்பதாக நினைக்கும். சென்னை ஜிஎஸ்டி சாலை போன்ற இடங்களில் அந்த ஐந்து மீட்டருக்கு நடைமேம்பாலம் வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கும்.

நடுவில் கட்டுமானமாகவே தடுப்பு இருந்தால் சாலையை இரண்டு கோடுகளாக்கி, இரண்டுக்கும் "ஒன்வே=யெஸ்" கொடுங்கள். வெறும் வெள்ளைக் கோடு மட்டும் இருந்தால் பிரிக்கக் கூடாது. பிரித்த பிறகு மீடியனில் உண்மையில் திறப்பு உள்ள இடங்களில் மட்டும் இரண்டு கோடுகளையும் இணையுங்கள். மீடியனின் கம்பித் தடுப்பைத் தனிக்கோடாக வரைவது நல்லது. ஆனால் வழியைச் சரிசெய்வது அந்தக் கோடு அல்ல, சாலையைப் பிரித்ததுதான்.

நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம் என்பதால், பிரித்த சாலையின் ஒவ்வொரு கோட்டிலும் நடைபாதை அதன் இடப்பக்கம் மட்டுமே இருக்கும். பழைய "சைட்வாக்=போத்" இரண்டு கோட்டிலும் அப்படியே தங்கிவிடும்; அதை "சைட்வாக்=லெஃப்ட்" ஆக்க மறக்காதீர்கள்.

நடைபாதையைத் தனிக்கோடாக வரைவதா, சாலையின் டேக்காக எழுதுவதா?

இரண்டும் ஏற்கப்பட்ட முறைகள். நம் ஊர் நிலைமைக்கு எங்கள் யோசனை இது: கடப்பு இடங்களையும் விளிம்புக் கல்லையும் சேர்த்து வரையப் பொறுமை இருந்தால் தனிக்கோடு, இல்லையென்றால் டேக். அரைகுறையாக வரைந்த தனிக்கோடு டேக்கைவிட மோசம், ஏனென்றால் எதனோடும் இணையாத நடைபாதையை எந்த மென்பொருளும் பயன்படுத்தாது.

தனிக்கோடு என்றால் "ஹைவே=ஃபுட்வே", "ஃபுட்வே=சைட்வாக்". கூடவே சாலைக்கோட்டில் "சைட்வாக்:லெஃப்ட்=செப்பரேட்" என்பதுபோல எழுதுங்கள். இல்லையென்றால் ஒரே நடைபாதை இரண்டு முறை கணக்கில் வரும்.

தியாகராய நகர் பாண்டி பஜாரின் நடைவளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. பெயரைப் பார்த்துச் சாலை முழுவதையும் "ஹைவே=பெடஸ்ட்ரியன்" ஆக்கிவிடத் தோன்றும். அங்கே நடுவில் வண்டிகள் ஓடுகின்றன. அகலமானது இருபக்க நடைபாதைதான். ஆகவே சாலை சாலையாகவே இருக்க வேண்டும், நடைபாதைகள் தனிக்கோடுகள். வண்டியே நுழையாத, நடப்பவருக்கென்றே ஒதுக்கிய தெருவுக்குத்தான் பெடஸ்ட்ரியன்.

சாலை கடக்கும் இடத்தைச் சரியாக வரைவது எப்படி?

இதில்தான் நிதானம் வேண்டும். சென்டர் மீடியன் உள்ள சாலையில் ஒரு நடைபாதையிலிருந்து எதிர் நடைபாதைவரை ஒரே நேர்க்கோடு வரையுங்கள். அது இரண்டு சாலைக்கோடுகளையும் வெட்டும் இடங்களில் பொதுப்புள்ளி இருக்கட்டும்; அவற்றுக்கு "ஹைவே=கிராசிங்". வரிக்குதிரைக் கோடு இருந்தால் "கிராசிங்:மார்க்கிங்ஸ்=ஸீப்ரா", சிக்னல் இருந்தால் "கிராசிங்=டிராஃபிக்_சிக்னல்ஸ்".

அடுத்து, நடைபாதை முடிந்து தார் தொடங்கும் இடத்தில் கோட்டின் மேல் ஒரு புள்ளி; "பாரியர்=கெர்ப்". இங்கேதான் "கெர்ப்" மதிப்பு வருகிறது. 3 செ.மீ.க்கு மேல் படி இருந்தால் "ரெய்ஸ்டு", சரிவு வைத்து 3 செ.மீ. அளவுக்கு இறக்கியிருந்தால் "லோவர்டு", சாலையோடு சமமாக இருந்தால் "ஃப்ளஷ்". உயரமான படியை அளக்க முடிந்தால் "ஹைட்=0.2" என்று மீட்டரில் சேருங்கள். ஒரு முனை சரிவும் மறுமுனை படியுமாக இருப்பது சகஜம். இரண்டு முனையையும் தனித்தனியே பாருங்கள். மறுமுனையில் ஏற முடியாமல் நடுச்சாலையில் நிற்பதைவிட, அந்த இடத்தைத் தவிர்ப்பதே சக்கர நாற்காலியில் வருபவருக்கு மேல்.

இப்போது கோட்டை விளிம்புப் புள்ளிகளில் வெட்டுங்கள் (ஐடியில் எக்ஸ் விசை, ஜோசமில் பி). நடுத்துண்டு "ஃபுட்வே=கிராசிங்", ஓரத்துண்டுகள் நடைபாதையோடு சேரும் இணைப்புகள். மீடியனில் நின்று இளைப்பாற இடம் இருந்தால் அந்தத் துண்டுக்கு "ஃபுட்வே=டிராஃபிக்_ஐலண்ட்". பார்வையற்றோருக்கான மஞ்சள் புடைப்பு ஓடுகள் இருந்தால் "டாக்டைல்_பேவிங்=யெஸ்"; இல்லையென்றால் "நோ" என்று எழுதுவதும் பயனுள்ள தகவலே.

மீடியன் கம்பியை வளைத்து மக்கள் கடக்கும் இடம்?

நிலையான பாதையாகவே ஆகிவிட்டிருந்தால் "ஹைவே=பாத்", "இன்ஃபார்மல்=யெஸ்" என்று வரையலாம். ஆனால் ஒரு கம்பி விலகியதை எல்லாம் பதிவுசெய்தால் செயலி அந்நியரை வேகமான சாலையின் குறுக்கே அனுப்பும். விரைவுச் சாலைகளில் இதை வரையாமல் விடுவதே எங்கள் முடிவு.

நடைமேம்பாலம், சுரங்கப்பாதை?

பாலத்துக்கு "ஹைவே=ஃபுட்வே", "பிரிட்ஜ்=யெஸ்", "லேயர்=1". சுரங்கப்பாதைக்கு "டனல்=யெஸ்", "லேயர்=-1". கீழே போகும் சாலையோடு புள்ளி பகிரக் கூடாது. பகிர்ந்தால் பாலத்திலிருந்து சாலைக்குக் குதிக்கச் சொல்லும். ஏறும் படிகளை "ஹைவே=ஸ்டெப்ஸ்" என்று தனியே பிரித்து, "இன்க்ளைன்=அப்" போடுங்கள். அது கோடு வரைந்த திசையைப் பொறுத்தது. படிகளை எண்ணி "ஸ்டெப்_கவுன்ட்", கைப்பிடி இருந்தால் "ஹேண்ட்ரெயில்=யெஸ்". நகரும் படி என்றால் ஸ்டெப்ஸோடு "கன்வேயிங்" சேரும். லிஃப்ட் ஒரு புள்ளி: "ஹைவே=எலிவேட்டர்"; பாலக்கோட்டோடும் கீழ்நடைபாதையோடும் இணைந்திருக்க வேண்டும்.

மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாலம் 2023 மே மாதம் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 570 மீட்டர். இப்படி நீண்ட பாலத்தில் ஒவ்வொரு இறங்குவழியும் அதனதன் தெருவோடு சரியாக இணைந்திருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. ஒரு இணைப்பு விட்டுப்போனால் நடுவில் இறங்க வேண்டியவரைக் கடைசிவரை கொண்டுபோகும்.

ரயில்வே கேட்டுக்கு "லிஃப்ட்_கேட்" (மேலே தூக்கும் தடுப்புக் கம்பம்) போடலாமா?

தண்டவாளமும் சாலையும் வெட்டும் புள்ளிக்கு "ரயில்வே=லெவல்_கிராசிங்". நடைவழி மட்டும் கடந்தால் "ரயில்வே=கிராசிங்". கேட் இருப்பதை அதே புள்ளியில் "கிராசிங்:பாரியர்=ஃபுல்" அல்லது "ஹாஃப்" என்று சொன்னால் போதும். அக்சஸ்=நோ வேண்டாம்; ரயில் வரும்போது மூடுவது தடை ஆகாது.

நடைபாதையில் பைக் நிறுத்தியிருக்கிறார்கள், கடை போட்டிருக்கிறார்கள். போலீஸ் பேரிகார்டும் நிற்கிறது.

இன்று இருந்து நாளை போவதை வரைய வேண்டாம். பைக்கும் பேரிகார்டும் அந்த வகை. டிரான்ஸ்ஃபார்மர், மரம், மின்பெட்டி ஆகியவை நிலையானவை. அவை நடைபாதையை முழுவதும் மறித்தால் கோட்டை அங்கே முடித்து, மக்கள் இறங்கி நடக்கும் இடத்தில் சாலையோடு இணையுங்கள். பாதி மறித்தால் அந்தத் துண்டை வெட்டி, மிச்சமிருக்கும் அகலத்தை "வித்" ஆக எழுதுங்கள். நடைபாதை 2 மீட்டர், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் 60 செ.மீ. மட்டும் என்றால் அந்த நாலு மீட்டர் துண்டுக்கு "வித்=0.6".

மெட்ரோ வேலைக்காக மாதக்கணக்கில் அடைத்த சாலை வேறு. பல மாதம் நீடிக்கும் என்று தெரிந்தால் மாற்றுங்கள். திறந்ததும் திரும்ப மாற்ற ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். தகரத் தடுப்போரம் நடப்பவருக்கு வழி விட்டிருக்கிறார்களா என்று பார்த்த பிறகே ஃபுட் மதிப்பைத் தொடுங்கள்.

"வீல்சேர்=யெஸ்" எப்போது?

துணையில்லாமல் போய்வர முடியும் என்று நேரில் பார்த்து உறுதிசெய்தால். உதவியோடு மட்டும் முடியும் என்றால் "லிமிடெட்". படத்தைப் பார்த்து ஊகித்து எழுதவே கூடாது. இதைவிட அளவுகள் மேலானவை: அகலம், தரையின் வகை, சரிவு, விளிம்பு உயரம். 1-க்கு 12 என்ற சரிவு 8.3 சதவீதம்; "இன்க்ளைன்=8.3%" என்று எழுதிவிட்டால் தன்னால் ஏற முடியுமா என்பதை அவரவரே முடிவுசெய்வார்.

மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, கடலைப் பார்க்கவென்று 2022 நவம்பரில் திறந்த மரப்பாதை நல்ல உதாரணம். நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர். மணலில் வரைந்த சாதாரண நடைவழிபோலப் போட்டால் அதன் பயனே தெரியாது. "சர்ஃபேஸ்=வுட்", "வித்=3", "வீல்சேர்=டெசிக்னேட்டட்" என்று எழுதி, தொடக்கத்தில் சாலையோர நடைபாதையோடு இணையுங்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அதன் ஒரு பகுதி சேதமானது. கடலோரக் கட்டுமானங்களைப் புயலுக்குப் பின் மறுபடி பார்க்க வேண்டும்.

கூகுள் மேப்பைப் பார்த்து எழுதலாமா? ஜிபிஎஸ் பதிவு போதுமா?

கூகுளிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. உரிமம் இடம்தராது, தெருப்படமும் சேர்த்துத்தான். எடிட்டரே தரும் செயற்கைக்கோள் படங்களையும், மேப்பிலரி தளத்தில் மக்கள் பகிரும் தெருப்படங்களையும் பயன்படுத்தலாம். போன் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும், கட்டடங்களுக்கு நடுவில் இன்னும் அதிகம். சாலையா நடைபாதையா என்பதை அதை வைத்து முடிவுசெய்ய முடியாது. இடத்தைப் படத்திலிருந்தும், விவரத்தை நேரில் நடந்தும் எடுங்கள். ஆண்ட்ராய்டில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலி விளிம்புக் கல், புடைப்பு ஓடு போன்றவற்றை நிற்கும் இடத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளும். புதியவர்களுக்கு அதுதான் எளிது.

திருத்திவிட்டேன், ஆனால் செயலியில் பழைய வழியே வருகிறது.

வரைபடப் படம் சில நிமிடங்களில் மாறும். வழிகாட்டும் சேவைகள் தரவைப் புதிதாக எடுத்துக் கணக்கிட ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். இணையமில்லாமல் ஓடும் செயலிகளில் புதிய கோப்பை இறக்கும்வரை மாறாது. இரண்டு நாள் கழித்தும் தளத்தின் வழிகாட்டியில் மாறவில்லை என்றால் நடந்து போகும் வழியைத் தேர்ந்து, தொடக்கப் புள்ளியைத் தடுப்புக்கு இந்தப் பக்கமும் முடிவை அந்தப் பக்கமும் வையுங்கள். சுற்றிப் போனால் முதலில் கோடுகள் உண்மையில் இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்து தடுப்புப் புள்ளியின் ஃபுட், கடைசியாகக் கோட்டின் அக்சஸ்.

இன்னொருவர் போட்ட "ஃபுட்=நோ"-வை நான் அழிக்கலாமா?

முதலில் அந்தக் கோட்டின் வரலாற்றைத் திறந்து, எந்தத் திருத்தத்தில் வந்தது, என்ன குறிப்பு எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். அந்தத் திருத்தத்தின் கீழ் கருத்து எழுதி, பலகை ஏதும் பார்த்தாரா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் நேரில் போய்ப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். உங்கள் திருத்தக் குறிப்பில் எந்தத் தேதியில் பார்த்தீர்கள், பலகை இல்லை என்பதை எங்கே நின்று உறுதிசெய்தீர்கள் என்று எழுதுங்கள். போய்ப் பார்க்க முடியாத ஊர் என்றால் டேக்கைத் தொடாமல், அந்த இடத்தில் வரைபடக் குறிப்பு ஒன்றை விட்டுவையுங்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டு மூடுவார்.